எஞ்சின் ஓடுகிறது, பேட்டரி வற்றுகிறது!

வானில் ஒரு சிறு விமானம் பறந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் சீராக ஓடுகிறது. எரிபொருளும் போதிய அளவு இருக்கிறது. ஆனால் விமானியின் முன்னுள்ள அம்மீட்டரின் முள் பூச்சியத்துக்கு இடப்புறம் சாய்ந்து நிற்கிறது. பேட்டரிக்கு மின்னோட்டம் வந்து சேரவில்லை. அதிலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. பேட்டரி முற்றிலும் வற்றிவிட்டால் எஞ்சின் நின்றுவிடுமா?

இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. விமானம் எந்தக் காலத்து அமைப்பைக் கொண்டது என்பதைப் பொறுத்து விடை மாறும். அது எவ்வாறு மாறியது என்பதைப் பார்ப்போம்.

பேட்டரியைத் தரையில் விட்டுச் சென்றவர்கள்

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் அருகே பறந்தார்கள். எஞ்சினைத் துவக்குவதற்கு அவர்கள் உலர் மின்கலங்களையும் ஒரு கம்பிச்சுருளையும் பயன்படுத்தினார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவற்றைக் கழற்றித் தரையிலேயே வைத்துவிட்டார்கள். பறக்கும்போது தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை மாக்னெட்டோ என்ற சிறு கருவி தந்தது. எஞ்சினின் கனத்த சக்கரத்தோடு உராய்ந்து அது சுழன்றது.

காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் சுழன்றால் மின்னியக்கு விசை பிறக்கும் என்பது 1831இல் ஃபாரடே கண்ட உண்மை. மாக்னெட்டோ நிலைக்காந்தத்தைக் கொண்டது. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. எஞ்சின் சுழலும்வரை தீப்பொறி உண்டு. தீப்பொறி உள்ளவரை எஞ்சின் சுழலும். பழைய மொபெட்டுகள் பேட்டரியே இல்லாமல் ஓடியதும் இம்முறையில்தான். விமான எஞ்சின்களில் பிற்காலத்தில் இரண்டு மாக்னெட்டோக்களைப் பொருத்தும் வழக்கம் நிலைபெற்றது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும்.

டைனமோவும் ஆல்டர்னேட்டரும்

வானொலி, விளக்குகள், எஞ்சினைத் துவக்கும் மோட்டார் ஆகியவை விமானத்தில் ஏறியபோது மின்சாரத்தின் தேவை பெருகியது. முதலில் காற்றால் சுழலும் சிறு மின்னாக்கிகளை விமானத்தின் வெளிப்புறத்தில் பொருத்தினார்கள். பின்னர் எஞ்சினே டைனமோவைச் சுழற்றியது. டைனமோவில் முழு மின்னோட்டமும் திசைமாற்றியின் வழியாகவும் கார்பன் தூரிகைகளின் வழியாகவும் வெளிவர வேண்டும். அவை விரைவில் தேயும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவின் அழுத்தம் பேட்டரியின் அழுத்தத்தை எட்டாது. அப்போது பேட்டரியின் மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் பாயாமலிருக்க ஒரு தனி ரிலே வேண்டியிருந்தது.

சிலிக்கான் டையோடுகள் வந்தபின் நிலைமை மாறியது. 1960இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. அதே பத்தாண்டுக்குள் சிறு விமானங்களிலும் அது இடம்பெற்றது. ஆல்டர்னேட்டரில் சுழல்வது மின்காந்தம்; அதற்குச் சில ஆம்பியர் மின்னோட்டமே போதும். வெளிப்புறத்தில் அசையாமல் நிற்கும் சுருள்களிலிருந்து பெரிய மின்னோட்டம் கிடைக்கிறது. ஆறு டையோடுகள் அதை நேர்திசை மின்னோட்டமாக்குகின்றன. பேட்டரியின் மின்சாரம் திரும்பிப் பாய்வதையும் அவையே தடுக்கின்றன.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. டைனமோவின் இரும்பில் எஞ்சி நிற்கும் காந்தத்தன்மை அது தானே மின்னாக்கத்தைத் தொடங்கப் போதுமானது. ஆல்டர்னேட்டரின் மின்காந்தத்துக்கோ பொதுவாகப் பேட்டரிதான் முதல் மின்னோட்டத்தைத் தர வேண்டும். பேட்டரி முழுவதும் வற்றிவிட்டால் அதை மீண்டும் நிரப்ப வேண்டிய கருவியே வேலை செய்யாது!

வீட்டில் கட்டிய விமானங்கள்

1953இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பால் போபரெஸ்னி என்பவர் பரிசோதனை விமானச் சங்கத்தை நிறுவினார். தம் விமானத்தைத் தாமே கட்டிக்கொள்ள விரும்பியவர்கள் அதில் கூடினார்கள். பர்ட் ரூட்டன் வடிவமைத்த வேரிஈஸி 1975இல் பறந்தது. எடையைக் குறைப்பதற்காக அதில் துவக்கும் மோட்டாரைக்கூட அவர் வைக்கவில்லை. சுழல்விசிறியைக் கையால் சுழற்றியே எஞ்சினைத் துவக்கினார்கள். 1979இல் வந்த அவருடைய லாங்ஈஸியில் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் பொருத்தத்தக்க எஞ்சின் இடம்பெற்றது.

இவ்விமானங்களின் உடல் நுரைப்பொருளின் மீது கண்ணாடியிழையைப் போர்த்திச் செய்யப்பட்டது. கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. அலுமினிய விமானத்தில் மின்னோட்டம் உடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். இங்கோ அதற்கென்று தடித்த கம்பி போட வேண்டும். வீட்டில் கட்டியவர்களுக்குத் தொல்லை கொடுத்த இடங்களில் இது முக்கியமானது.

ஒரு கணக்கைப் பாருங்கள். திரும்பு கம்பியின் இணைப்பொன்று துருப்பிடித்து 0.05 ஓம் தடையைத் தருவதாகக் கொள்வோம். இது மிகச் சிறிய தடைதான். ஆனால் அதன் வழியே 30 ஆம்பியர் பாய்ந்தால் ஓம் விதிப்படி 1.5 வோல்ட் அங்கேயே வீணாகும். எஞ்சினருகே உள்ள சீராக்கி 14.2 வோல்ட் இருப்பதாகக் கண்டு சும்மா இருந்துவிடும். பேட்டரிக்குக் கிடைப்பதோ 12.7 வோல்ட்தான், அது நிரம்பாது. ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் புதியதைப் போட்டாலும் பழுது அப்படியே இருக்கும்.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. சீராக்கிக்குச் செல்லும் கம்பியில் தேய்ந்த சுவிட்சு ஒன்று 0.3 ஓம் தடையைத் தந்தால், 3 ஆம்பியருக்கு 0.9 வோல்ட் குறையும். அழுத்தம் போதவில்லை என்று கருதிச் சீராக்கி அதை 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிவிடும். பேட்டரி சூடேறிக் கெடும். குற்றம் பேட்டரியினுடையதன்று, ஒரு சுவிட்சினுடையது.

அளவீடே வழிகாட்டி

ஆகவே பழுது காண்பதற்கு வரிசை முறை வேண்டும். எஞ்சின் ஓடாதபோது நல்ல 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது அது 13.8 முதல் 14.4 வரை உயர வேண்டும். உயரவில்லையெனில் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையில் அளக்க வேண்டும். அங்கு அழுத்தம் மிகுந்து பேட்டரியில் குறைந்திருந்தால் இடையிலுள்ள கம்பியோ பியூசோ பழுது. அங்கும் குறைவெனில் மின்காந்தத்துக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தும் பயனில்லையென்றால் தூரிகை, சுருள், டையோடு, சுழற்றும் பட்டை ஆகியவற்றில் ஒன்று குற்றவாளி. வரவில்லையென்றால் சுவிட்சையும் சீராக்கியையும் சோதிக்க வேண்டும். சுழலும் விசிறியின் அருகில் நின்று இவற்றை அளக்கலாகாது; அளவிகளின் கம்பிகளை முன்பே இருக்கைவரை இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தவறான முடிவின் விலை

அளவி சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் என்ன நேரும்? 1983ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் இரவு ஏர் இல்லினாய் நிறுவனத்தின் பயணிகள் விமானம் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து புறப்பட்டது. சிறிது நேரத்தில் இடப்புற மின்னாக்கி பழுதாயிற்று. துணை விமானி தவறுதலாக நன்றாக இருந்த வலப்புற மின்னாக்கியைத் துண்டித்துவிட்டார். அதன்பின் எஞ்சியது பேட்டரி மட்டுமே. புறப்பட்ட நிலையம் அருகிலேயே இருந்தும் தலைமை விமானி கார்பன்டேலை நோக்கித் தொடர்ந்து பறந்தார். அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனபின், மேகமூட்டமான இருளில் கருவிகள் செயலிழக்க, விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த பத்துப் பேரும் மாண்டனர். எஞ்சின்கள் நிற்கவில்லை, விமானம் எப்படிப் பறக்கிறது என்பதைக் காட்டும் மின்சாரம்தான் நின்றது.

இன்று வீட்டில் கட்டப்படும் விமானங்கள் சிலவற்றில் மாக்னெட்டோவுக்குப் பதிலாக மின்னணுத் தீமூட்டிகளும் மின்சார எரிபொருள் பம்புகளும் வந்துவிட்டன. எரிபொருள் சிக்கனமாகிறது; எஞ்சின் எளிதில் துவங்குகிறது. ஆனால் அவற்றில் பல, விமானத்தின் மின்சாரத்தையே நம்பியிருக்கின்றன. அத்தகைய விமானத்தில் பேட்டரி வற்றினால் எஞ்சினும் நின்றுவிடும். ரைட் சகோதரர்கள் தரையில் விட்டுச் சென்ற பேட்டரி இப்போது எஞ்சினின் உயிர்நாடியாகிவிட்டது. எனவேதான் அறிந்து கட்டுபவர்கள் இரண்டாவது பேட்டரியையோ இரண்டாவது ஆல்டர்னேட்டரையோ சேர்க்கிறார்கள். தேவையற்ற கருவிகளை உடனே அணைக்கும் ஒழுங்கையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, ஓம் விதியை நீங்கள் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். ஒரு சுவிட்சின் 0.3 ஓமும் ஒரு கம்பி இணைப்பின் 0.05 ஓமும் ஒரு விமானத்தைத் தரையிறக்கப் போதுமானவை. பழுதுபட்ட எந்தக் கருவியின் முன் நின்றாலும், ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு முன் இரண்டு முனைகளுக்கிடையே அளந்து பாருங்கள். குற்றம் எங்கே என்பதை அந்த எண்ணே உங்களுக்குச் சொல்லும்.