படகும் உடைமையும்: இங்கிலாந்துக் கால்வாய்களின் வரலாறு பற்றிச் சில சிந்தனைகள்

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களிலே சொந்தப் படகு வைத்துப் பொழுதுபோக்காகப் பயணஞ் செய்வோர் இன்று பல்லாயிரவர். ஏழடி அகலமும் எழுபதடி வரை நீளமும் கொண்ட ஒடுங்கிய படகு; அதன் கதவுகளிலே றோசா மலர்களும் கோட்டைகளும் தீட்டப்பட்டிருக்கும்; மணிக்கு நான்கு மைலுக்கு மேற்படாத வேகத்தில், வயல்களுக்கும் பழைய ஆலைச் சுவர்களுக்கும் இடையே அது ஊர்ந்து செல்லும். ஆரவார உலகினின்றும் ஒதுங்கிய அமைதி வாழ்வின் சின்னமாக அதனைப் போற்றி எழுந்த நூல்கள் பல. எனினும், அந்த அமைதிக்கும் ஒரு வரலாறு உண்டு. கால்வாயை வெட்டியவர் யார், படகு யாருடைய உடைமையாயிருந்தது, அதிலே உழைத்தவர் யார் என்னும் வினாக்களை எழுப்பினாலன்றி அவ்வரலாற்றின் உண்மை வடிவம் நமக்குப் புலப்படாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மன்செஸ்ரர் நகரம் நெசவுத் தொழிலால் வேகமாக வளர்ந்து வந்தது. அந்நகருக்கு வேண்டிய நிலக்கரி சில மைல்களுக்கப்பால், வேஸ்லி என்னுமிடத்தில், பிறிட்ஜ்வோட்டர் கோமகனின் நிலத்திற் கிடந்தது. சேறு நிறைந்த பாதையிலே பொதிக்குதிரை ஒன்று சுமக்கக்கூடியது ஒரு தொன்னின் எட்டிலொரு பங்கே. அதே குதிரை கரையில் நடந்தவாறு கயிற்றினால் இழுக்கும் படகிலே 25 முதல் 30 தொன் வரை ஏற்றலாம். இந்த எளிய கணக்கே ஒரு யுகத்தை மாற்றியது. கோமகனின் முதலையும், ஆலைப்பொறி அமைப்பவராக வாழ்வைத் தொடங்கிய, அதிகம் எழுதப் படிக்கத் தெரியாத ஜேம்ஸ் பிறின்ட்லியின் திறமையையும் கொண்டு கால்வாய் உருவாயிற்று. 1761ஆம் ஆண்டிலே, ஏர்வெல் ஆற்றின் மேலாகக் கட்டப்பட்ட பாலக் கால்வாயினூடே முதற் படகு சென்றது. மன்செஸ்ரரில் நிலக்கரியின் விலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

இதன்பின் முதல் படைத்தோர் அனைவரும் கால்வாயை நாடினர். மட்பாண்டத் தொழிலதிபர் யோசையா வெட்ஜ்வுட் முன்னின்று ஆதரித்த றென்ற் மேர்சி கால்வாய் 1777இலே நிறைவெய்தியது. 1790களிலே கால்வாய்ப் பங்குகளை வாங்குவது ஒரு வெறியாகவே மாறியது. லிவர்பூல் துறைமுகத்திலே வந்திறங்கிய பருத்தி, அடிமைகளின் உழைப்பிலே விளைந்த பருத்தி, இந்நீர்வழிகளினூடாக ஆலைகளைச் சென்றடைந்தது. மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு மலையையும் சமவெளியையும் அகழ்ந்தவர்களோ பெயரற்ற கூலியாட்கள். 'நவி' என்று ஆங்கிலத்திலே வழங்கும் சொல் இவர்களைக் குறிக்கவே பிறந்தது. கோமகனின் பெயரும் பிறின்ட்லியின் பெயரும் நிலைத்தன. இவர்களுக்கு எஞ்சியது அந்தப் பொதுச் சொல் ஒன்றுதான்.

படகோட்டிகளின் உழைப்பு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஹெயர்காசில் குன்றினூடே பிறின்ட்லி அமைத்த சுரங்கவழி ஒன்றரை மைலுக்கு மேல் நீளமானது. செலவைக் குறைக்கும் பொருட்டு அதிலே குதிரைக்குப் பாதை விடப்படவில்லை. எனவே படகோட்டிகள் மல்லாந்து படுத்து, சுவரிலே காலை ஊன்றி உதைத்து, இருளினூடே மணிக்கணக்காகப் படகை நகர்த்தினர். 1827இலே தெல்ஃபோட் அமைத்த இரண்டாவது சுரங்கவழியிலேதான் குதிரை நடக்க இடம் கிடைத்தது.

1830இலே லிவர்பூலுக்கும் மன்செஸ்ரருக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. போட்டியைச் சமாளிக்கக் கால்வாய் நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்தன. அதன் சுமை படகோட்டியின் தலையிலே வீழ்ந்தது. கரையிலே வீட்டு வாடகையும் செலுத்தி, படகிலே கூலியாளையும் வைத்திருக்க அவனால் இயலவில்லை. அவன் வீட்டைத் துறந்தான். மனைவியும் மக்களும் படகேறினர். கூலியாளின் வேலையைக் கூலியின்றி அவர்கள் செய்தனர். பத்தடி நீளமும் ஏழடி அகலமும் கூட இல்லாத சிற்றறையிலே குடும்பம் முழுவதும் உண்டு உறங்கி வாழ்ந்தது. எஞ்சிய இடமெல்லாம் சரக்குக்கே உரியது. இன்று படகில் வாழ்வதைச் சுதந்திரத்தின் உருவமாகக் காண்போர், அவ்வாழ்க்கை வேகமாகப் பரவியதற்கு இந்தக் கூலிக் குறைப்பு ஒரு பெருங்காரணமாயிருந்தது என்பதை மறத்தலாகாது. அலைந்து திரியும் விருப்பத்தினால் அக்குடும்பங்கள் நீரிலே குடியேறவில்லை.

கதவிலே தீட்டப்பட்ட றோசா மலர்களும் கோட்டைகளும் இந்தச் சிற்றறைகளிலேதான் மலர்ந்தன. அவற்றை வறுமையின் நடுவே எழுந்த வெறும் அலங்காரமெனத் தள்ளிவிட முடியாது. தமக்கெனக் கைப்பிடி மண்ணும் இல்லாத மக்கள், தமது தன்மானத்தைத் தகரக் குவளையிலும் கதவுப் பலகையிலும் வரைந்து வைத்தனர் என்றே நாம் கொள்ளுதல் வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமது கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. படகுப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்களாகவே வளர்ந்தனர். சிறுவயதிலே செங்கற் சூளையிலே உழைத்த கோல்வில் ஊர் ஜோர்ஜ் சிமித் இவர்களுக்காக இயக்கம் நடத்தினார். அவருடைய வருணனைகளிலே மிகையும், படகு மக்களைத் தாழ்வாக நோக்கும் ஒழுக்கவாதமும் உண்டு. எனினும் அவரது முயற்சியால் 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் பிறந்தன. படகு பதிவுசெய்யப்பட்ட ஊரே பிள்ளையின் ஊர் என்றும், அங்கே பிள்ளை பள்ளி செல்ல வேண்டுமென்றும் சட்டம் வகுத்தது. ஆனால் சரக்கோ படகை நிற்கவிடவில்லை. படகு நின்றால் கூலியில்லை, ஓடினால் பள்ளியில்லை. உற்பத்தி முறையைத் தொடாது கல்வியை மாத்திரம் சட்டத்தால் வழங்க முனைந்தால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

படகையே சொந்தமாகக் கொண்டிருந்த படகோட்டிகளும் சிலர் இருந்தனர். 'நம்பர் வண்' என இவர்கள் அழைக்கப்பட்டனர். எவருக்கும் கைகட்டி நில்லாத பெருமை அவர்களுக்கிருந்தது. ஆயினும் சரக்குப் பெருநிறுவனங்களின் கைக்குள் வந்தபின் அந்தப் பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. கருவி தனதாயிருந்தும் சந்தை பிறனுடையதாயின், உடைமை பெயரளவிலேதான். பலர் படகை விற்று நிறுவனத்தின் கூலியாயினர். 1923இலே ஃபெலோஸ் மோட்டன் கிளேற்றன் நிறுவனம் கூலியைக் குறைத்தபோது, படகோட்டிகள் பிறோன்ஸ்ரன் என்னுமிடத்திலே படகுகளைக் கட்டிவைத்துப் பல வாரங்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். சிதறி வாழ்ந்த அம்மக்கள் தொழிற்சங்கத்தின்கீழ் ஒன்றிணைந்த அந்நிகழ்ச்சி, அமைதியைப் பாடும் நூல்களிலே பெரிதும் இடம்பெறுவதில்லை.

1948இலே கால்வாய்களிற் பெரும்பாலானவை அரசுடைமையாயின. ஆயினும் பாரவண்டிகள் சரக்கைக் கவர்ந்துகொண்டன. 1962-63ஆம் ஆண்டுக் கடுங்குளிரிலே கால்வாய்கள் வாரக்கணக்காக உறைந்து கிடக்க, எஞ்சிய வாடிக்கையாளரும் விலகினர். 1970இலே, அதர்ஸ்ரனிலிருந்து சௌதோலில் இருந்த பழப்பாகு ஆலைக்கு நிலக்கரி சுமந்த ஒழுங்கான படகுப் பயணமும் முடிவுற்றது.

உழைப்பு வெளியேறிக்கொண்டிருந்த அதே கால்வாய்களிலே ஓய்வு குடியேறியது. 1939இலே ரொம் றோல்ற் தம் மனைவியுடன் 'கிறெசி' என்னும் படகிலே புறப்பட்டார். அப்பயணத்தை அவர் எழுதிய நூல் 1944இலே வெளிவந்தது. அதனைப் படித்த றொபேட் எயிக்மன் அவரைத் தேடிவர, 1946இலே உள்நாட்டு நீர்வழிச் சங்கம் உருவாயிற்று. விரைவிலே இருவரிடையேயும் பிளவு தோன்றியது. எந்தக் கால்வாயையும் விட்டுக்கொடுக்கலாகாது என்றார் எயிக்மன். படகு மக்கள் இன்னும் தொழில் செய்யும் கால்வாய்களை முதலிற் காக்க வேண்டுமென்றார் றோல்ற். 1951இலே றோல்ற் சங்கத்தினின்றும் நீக்கப்பட்டார். கால்வாயைக் காப்பதா, கால்வாயிலே வாழும் மனிதரைக் காப்பதா என்பதே அப்பிணக்கின் உட்பொருள் எனலாம். காலம் முன்னதற்கே வெற்றியளித்தது.

அவ்வெற்றியை நாம் இகழ்ந்துரைத்தல் நேர்மையாகாது. 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் பல கால்வாய்களை உல்லாசப் பயணத்துக்கெனப் பேணுமாறு விதித்தது. தூர்ந்துபோன கால்வாய்களைத் தொண்டர்கள் விடுமுறை நாட்களிலே சேற்றில் இறங்கி மீட்டனர். கென்னற் ஏவன் கால்வாய் 1990இலும், ஹடர்ஸ்ஃபீல்ட் ஒடுங்கு கால்வாய் 2001இலும் மீண்டும் திறக்கப்பட்டன. கோமகனின் இலாபத்துக்காக வெட்டப்பட்ட நீர்வழி பொதுமக்களின் உலாவிடமானது வரலாற்றின் முன்னேற்றமே.

ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. 2012 முதல் ஓர் அறக்கட்டளை ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிக்கிறது. தொழிற்புரட்சியின் உச்சத்திலிருந்ததை விட மிகுதியான படகுகள் இன்று அவற்றில் உள்ளன என்று அது கூறுகிறது. அவையெல்லாம் உல்லாசப் படகுகளல்ல. இலண்டன் போன்ற நகரங்களிலே வீட்டு வாடகை எட்டாத உயரத்துக்குச் சென்றமையால் படகை வீடாகக் கொண்டோர் பலர். நிலையான கட்டுமிடம் இல்லாதோர் ஓரிடத்திலே தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் தங்கலாகாது என 1995ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அத்தகையோரிடம் 2024 முதல் மேலதிகக் கட்டணமும் அறவிடப்படுகிறது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு இவ்விதி என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அன்று சரக்கு படகை நகர்த்தியது. இன்று சட்டம் நகர்த்துகிறது.

அதே நீரிலே, அதே ஏழடி அகலப் படகிலே, ஒருவர் விடுமுறையைக் கழிக்கிறார். மற்றொருவர் வீடின்மையைக் கழிக்கிறார். இருவரும் படகுக்கு உடைமையாளரே. ஆகவே, ஒருவரிடம் என்ன உள்ளது என்று கேட்பதோடு அமையாது, அது இன்றி வாழ அவருக்கு வேறு வழியுண்டா என்றும் கேட்கும் வரலாற்றையே நம் மாணவருக்கு நாம் கற்பித்தல் வேண்டும்.