பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த பத்திரிகை

1948 நவம்பர் 3. சிகாகோ டெய்லி ட்ரிப்யூன் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது: 'ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி'. ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தவரோ ட்ரூமன்!

ஏன் இத்தனை அவசரம்? அச்சுக்கோப்பவர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். செய்தியை டைப் அடித்து, படம்பிடித்து, பிளாக் செய்து அச்சேற்ற மணிக்கணக்காகும். வாக்கு எண்ணி முடியும்வரை காத்திருக்க வழியில்லை. கருத்துக்கணிப்புகளும் டூயி பக்கம்; வாஷிங்டன் நிருபர் ஹென்னிங்கும் அடித்துச் சொல்லிவிட்டார். சுமார் 1,50,000 பிரதிகள் அச்சாகிவிட்டன. (தொழிலாளி கையை மடக்கினால் முதலாளி மூக்குடைவது இப்படித்தான்.)

மறுநாள் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் ட்ரூமன் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, வாயெல்லாம் பல்லாக நின்றார். அவரை ஓயாமல் திட்டிவந்த பத்திரிகை அது. போட்டோவில் அதன் பேரும் பளிச்சென்று தெரிகிறது.