காந்தாரம் காத்திருந்த காலம்

கிட்டார் பயிலத் தொடங்குவோர் முதலில் கற்பவற்றுள் ஒன்று 'சி மேஜர் கார்டு'. மோதிரவிரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டிலும், நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டிலும், சுட்டுவிரல் இரண்டாம் தந்தியின் முதல் மெட்டிலும் பதிகின்றன. மீட்டும்போது ஐந்து தந்திகள் அதிர்ந்தாலும் அங்கே ஒலிப்பவை மூன்று சுரங்களே. நம் வழக்கில் ச, க, ப. இவற்றுள் நடுவே நிற்கும் காந்தாரம், ஐரோப்பிய இசையில் தனக்குரிய மதிப்பைப் பெறப் பல நூற்றாண்டுகள் காத்திருந்தது.

பித்தாகரஸ் மரபினர் இனிமையை எண்ணால் அளந்தனர். 60 சென்டிமீட்டர் தந்தியை 40 சென்டிமீட்டராகக் குறைத்தால் பஞ்சமம் பிறக்கும், விகிதம் 3:2. பஞ்சமத்தின்மேல் பஞ்சமமாக அடுக்கிக் காந்தாரத்தைத் தேடியபோதோ 81:64 என்னும் சிக்கலான விகிதமே கிடைத்தது. ஆகவே நிறைவான இசைவுகளின் வரிசையில் அதற்கு இடம் மறுக்கப்பட்டது.

1300ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தின் ஈவ்ஷாம் மடத்துப் பெனடிக்டின் துறவி வால்டர் ஒடிங்டன் இதைக் கூர்ந்து நோக்கினார். அவ்விகிதம் 5:4க்கு, அதாவது 80:64க்கு, மிக அண்மையில் உள்ளது. எண்கள் விலக்கினாலும், பாடகரின் குரல்கள் அதை இனிய கலவையாக்கிவிடுகின்றன என்று அவர் எழுதினார். ஏட்டுக்கு முன்னரே செவி அறிந்திருந்தது.

1558இல் வெனிஸில் நூல் வெளியிட்ட பிரான்சிஸ்கன் துறவி சார்லினோ, ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்களையே இசைவின் அடிப்படையாகக் கொண்டு, 5:4க்கு முழுத் தகுதி அளித்தார். ச, க, ப மூன்றும் 4:5:6 என அமைந்தன. 1596இல் கத்தலோனிய மருத்துவர் அமாத், கிட்டாருக்குரிய பன்னிரண்டு மேஜர் கார்டுகளையும் பன்னிரண்டு மைனர் கார்டுகளையும் எண்ணிட்டு எளியோருக்கு விளக்கினார். 1612இல் ஜெர்மானிய லுத்தரன் இறையியலாளர் லிப்பியுஸ், இம்மூவிசைக் கூட்டுக்கு 'இசைவின் மும்மை' எனப் பெயரிட்டு, அதில் மூவொரு இறைவனின் சாயலைக் கண்டார். எந்த ஒப்புமைக்கும் எல்லை உண்டு. எனினும், மூன்று சுரங்களும் தம் தனித்தன்மையை இழக்காமல் ஒரே இசைவாவதைக் கேட்பவர், அவர் வியப்பைப் புரிந்துகொள்வர்.

இன்றைய கிட்டாரின் மெட்டுகள் சமப் பகுப்பில் அமைந்தவை. எனவே அதன் காந்தாரம் 5:4ஐவிடச் சற்றே உயர்ந்து ஒலிக்கிறது. அச்சிறு குறையையும் நம் செவி பொறுத்து ஏற்றுக்கொள்கிறது. மக்களின் செபம் முன்னே செல்ல, இறையியல் விளக்கம் பின்னே வந்த காலங்கள் திருச்சபை வரலாற்றிலும் உண்டு. பாடுவோரின் குரலுக்குச் செவிசாய்த்த ஒடிங்டனின் பணிவு, கற்பிக்கும் பொறுப்புடைய நம் அனைவருக்கும் தேவை.