மூன்று வேதங்கள் வழங்கிய கரை

ஈழத்தின் கீழைக்கரையிலே, மருதமுனை தொடங்கி நிந்தவூர் ஈறாகச் சைவரும் இஸ்லாமியரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து வருகின்றனர். பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலிலே தீமிதிப்பு நிகழும். கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடி ஏறும். இவ்விரு சமயத்தாரிடையே, தொகையிற் சிறியதாயினும் கிறிஸ்தவ சமூகமும் உண்டு. மூவர்க்கும் மொழி தமிழே. தத்தம் மறைநூலை ‘வேதம்’ என வழங்குதலும் மூவர்க்கும் பொதுவாயிற்று. ஈழத்தார் பேச்சிலே கிறிஸ்தவர் ‘வேதக்காரர்’, தேவாலயம் ‘வேதக்கோயில்’. கிறிஸ்து பிறப்பு விழாவைக் குறிக்கும் ‘நத்தார்’ என்னும் சொல்லோ போர்த்துக்கேய மொழியினின்று வந்தது. சொல்லளவில் இவ்வாறு எளிதிற் கலந்த சமயம், பள்ளிக்கூடத்தின் வாயிலாகப் புகுந்தபோது ஒரு வினாவை எழுப்பிற்று. பிறர் வேதத்தைப் பயில்வோன் தன் வேதத்தை இழப்பானோ என்பதே அவ்வினா.

வெஸ்லிய மிஷனைச் சேர்ந்த குருமார் 1814ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29ஆம் நாள் காலித் துறையில் வந்திறங்கினர். அவர்தம் தலைவராகிய தோமஸ் கோக் கடல்வழியிலேயே உயிர்நீத்தார். அக்குழுவினருள் ஒருவரான வில்லியம் ஓல்ட், அதே பயணத்தில் மனைவியையும் இழந்தவராய், தனியே மட்டக்களப்பை அடைந்தார். அங்கே பாடசாலைகளைத் தொடங்கிய அவர், எட்டு மாதங்களுக்குள், 1815 ஏப்ரலில் காலமானார். ஆயினும் அவர் ஊன்றிய வித்து அழிந்திலது. மெதடிஸ்த கல்விப்பணி காலப்போக்கில் கல்முனைக்கும் பரவிற்று. இப்பாடசாலைகள் எழுத்தையும் எண்ணையும் ஆங்கிலத்தையும் கற்பித்தன. அவற்றோடு விவிலியத்தையும் கற்பித்தன. மாணாக்கரைத் தம் சமயத்திற் சேர்த்தலும் மிஷனாரின் நோக்கமாகவே இருந்தது. நத்தார் வரும் மார்கழியோ சைவர் இல்லங்களில் திருவெம்பாவை ஓதப்படும் மாதம். ஆதலின் பெற்றோர் கொண்ட அச்சம் காரணமற்றது என்று கூறுதல் பொருந்தாது.

இவ்வச்சத்திற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு விடை முன்னரே எழுந்தது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழாக்கத்தில் துணைபுரிந்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிறர் வேதத்தை எழுத்தெழுத்தாக ஆராய்ந்தவரே தம் சமயத்திற்குக் காவலராயினார்.

கல்முனைக் கரை அளித்த விடை சிறிது வேறானது. அக்கரையிலுள்ள காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனன் என்னும் சைவச் சிறுவன், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் கத்தோலிக்கரின் அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றான். வளர்ந்து ஆசிரியரானபின், யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியிலும் அவர் விஞ்ஞானம் கற்பித்தார். கிறிஸ்தவ நிறுவனங்களில் இத்துணைக் காலம் பழகியும் அவர் மதம் மாறினாரல்லர். 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924இல் துறவு பூண்டு, சுவாமி விபுலாநந்தர் ஆயினார்.

அவர் சேர்ந்த துறவுக் குழாமோ நத்தாரை அயலார் விழாவென ஒதுக்காதது. 1886ஆம் ஆண்டு, பரமஹம்சர் மறைந்த சில மாதங்களில், வங்கத்து ஆண்ட்பூர் கிராமத்திலே அவருடைய இளஞ்சீடர்கள் இரவில் தீ வளர்த்துச் சூழ்ந்திருந்தனர். நரேந்திரர், பின்னாளில் விவேகாநந்தர் எனப் புகழ்பெற்றவர், இயேசுவின் துறவு வாழ்வை எடுத்துரைத்தார். அனைவரும் உலகைத் துறப்பதாக உறுதி பூண்டனர். அன்று டிசம்பர் 24, நத்தாருக்கு முன்னிரவு, என்பதைப் பின்னரே உணர்ந்தனர். அதன் நினைவாக இராமகிருஷ்ண மடங்களில் இன்றும் அவ்விரவு வழிபாட்டோடு போற்றப்படுகின்றது. எனவே கல்முனைப் பள்ளியில் விவிலியத்தை அறிந்த மாணவன், காவியுடுத்த பின்னரும் அதனைப் பகையாகக் கருதவேண்டிய நிலை எழவில்லை. தம் சமயச் சிறார்க்குத் தம் கல்வி வேண்டுமென்பதையும் அடிகள் மறந்தாரல்லர். 1929இல் மட்டக்களப்பில் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

இஸ்லாமியர்க்கும் கிறிஸ்து பிறப்பு அறியாத கதையன்று. திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யம் அம்மையாரின் பெயரையே தாங்கியுள்ளது. லூக்கா சுவிசேஷம் குழந்தையை முன்னணையிற் கிடத்தியதாகக் கூறும். குர்ஆனோ பேரீச்ச மரத்தடியில் அன்னை பட்ட பிரசவ வேதனையைக் கூறும். ஈஸா நபியை இறைதூதராகப் போற்றும் இஸ்லாம், அவரை இறைவனின் மைந்தரென ஏற்பதில்லை. இவ்வேறுபாட்டை மறைத்தல் நட்பாகாது. அறிந்து மதித்தலே நட்பாம்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் வசமாயின. அதே 1961இல் கல்முனை புதிய அம்பாறை மாவட்டத்துள் அடங்கிற்று. ஆட்சியும் எல்லையும் மாறினும், வெஸ்லியின் பெயர் கல்முனைப் பாடசாலையில் நிலைத்துள்ளது. விபுலாநந்தரின் பெயர் காரைதீவில் நிலைத்துள்ளது. தன் சமயத்தை நன்கறிந்தவன் பிறர் வேதத்தைத் திறக்க அஞ்சவேண்டுவதில்லை என்பதற்கு, அடுத்தடுத்து நிற்கும் அவ்விரு பெயர்களே சான்றாகும்.