சாயும் கம்பங்கள்: இயக்கத்தை அளக்கும் கேமராவின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆர்.வி. சாலையில் தொடங்கி எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை செல்லும் அந்த ரயிலில், சன்னலோரம் அமர்ந்து கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடித்துப் படம் எடுப்பவர் எவரும் ஒரு விந்தையைக் காணலாம். ஓசூர் சாலையோரத்து மின்கம்பங்கள் நேராக நிற்பதில்லை, சாய்ந்து நிற்கின்றன. அருகிலுள்ள கம்பம் மிகுதியாகச் சாய்கிறது. தொலைவிலுள்ள கட்டடம் சற்றே சாய்கிறது. அடிவானத்து மரங்கள் சாய்வதே இல்லை. கண் இதனை மன்னித்துவிடும். ஆனால் அதே காட்சியைக் கணினியில் இட்டு, ஒவ்வொரு புள்ளியையும் சட்டகம் சட்டகமாகப் பின்தொடர்ந்து, ரயிலின் வேகத்தையோ கேமராவின் நிலையையோ கணிக்க முற்படும் ஆய்வு மாணவருக்கு அந்தச் சாய்வு பெருந்தொல்லை.

சாய்வின் காரணம் எளியது. கைபேசியின் உணரி ஒரு படத்தை ஒரே கணத்தில் பதிவதில்லை. மேல்வரிசையில் தொடங்கி வரிசை வரிசையாகக் கீழிறங்கிப் படிக்கிறது. இதற்கு ரோலிங் ஷட்டர் என்று பெயர். முழுப் படத்தையும் படித்து முடிக்க 20 மில்லிநொடி ஆகிறது எனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அதற்குள் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கம்பத்தின் உச்சி பதிவான இடம் வேறு, அடி பதிவான இடம் வேறு. ஒரு படம் என்று நாம் அழைப்பது உண்மையில் ஆயிரக்கணக்கான வெவ்வேறு நேரங்களின் தொகுப்பு. சாய்வு தொலைவைப் பொறுத்து மாறுவதால், படம் முழுவதையும் ஒரே அளவில் நிமிர்த்தி இதனைச் சரிசெய்துவிடவும் முடியாது.

இது மின்னணுக் காலத்தில் பிறந்த குறையன்று. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ழாக்-ஆன்றி லார்த்தீக் இளமையில் எடுத்த பந்தயக் கார் படம் புகழ்பெற்றது. நெடுங்காலம் 1912 எனக் குறிக்கப்பட்ட அதனைப் பின்வந்த ஆய்வாளர்கள் 1913க்கு உரியதாகக் கருதுகின்றனர். காரின் சக்கரம் நீள்வட்டமாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது; வேடிக்கை பார்ப்போர் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கின்றனர். ஒளித்தகட்டின் முன் ஒரு குறுகிய பிளவு நகர்ந்து சென்றதால் விளைந்த தோற்றம் அது. கலை வரலாற்று நூல்கள் அதனை வேகத்தின் சின்னமாகக் கொண்டாடுகின்றன. அந்தக் காரின் வேகத்தைப் படத்திலிருந்து கணக்கிட முனைந்தவர் கொண்டாடியிருக்க மாட்டார்.

அளப்பதற்கென்றே படம் எடுத்த மரபு இதற்கும் முந்தையது. அதன் நாயகர்களுள் ஒருவர் தென்னிந்தியாவோடு தொடர்புடையவர். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து நோக்கிய பியர் ழான்சென்தான் அவர். 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது அவர் ஜப்பானில் இருந்தார். வெள்ளியின் விளிம்பு சூரியனின் விளிம்பைத் தொடும் கணம் எது என்பதில் கண்ணால் நோக்கியவர்கள் ஒருவரோடொருவர் முரண்பட்டுவந்த காலம் அது. சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி அந்நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்கச் சிறுநூல் எழுதியதும் அதே ஆண்டில்தான். ழான்சென் ஒரு சுழலும் கருவியை அமைத்தார்: 72 நொடிகளில் 48 படங்கள், அதாவது ஒன்றரை நொடிக்கு ஒன்று. அழகிய படம் அவர் நோக்கமன்று. எந்தப் படம் எந்த நொடிக்கு உரியது என்பதே அவருக்கு வேண்டியிருந்தது.

ழான்செனின் வழியில் வந்த எத்தியேன்-ழூல் மாரே 1882இல் துப்பாக்கி வடிவக் கேமராவால் பறவைகளை நொடிக்கு 12 முறை படம் பிடித்தார். பின்னர் மனிதர்க்குக் கரிய ஆடை உடுத்தி, மூட்டுகளில் வெண்புள்ளிகளும் உறுப்புகளின் நெடுகே வெண்கோடுகளும் இட்டு, ஒரே தகட்டில் அவர்தம் நடையைப் பதிந்தார். இன்றைய மோஷன் கேப்சர் அரங்குகளில் நடிகர் அணியும் புள்ளியிட்ட உடையின் பாட்டனார் அந்தக் கரிய ஆடைதான். மைபிரிட்ஜ் 1878இல் குதிரையின் ஓட்டத்தைப் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக நிறுத்திப் பதிந்தது இதைவிடப் புகழ்பெற்றது. ஆயினும் அளவியல் நோக்கில் மாரேயின் முறையே உயர்ந்தது. ஒரே பார்வைப் புள்ளி, சீரான கால இடைவெளி என்ற இரண்டையும் விட்டுக்கொடுக்காதவர் அவர்.

வரிசை வரிசையாகப் படிப்பது எப்போதும் தீங்கு என்றும் சொல்வதற்கில்லை. 1979இல் ஏவப்பட்ட பாஸ்கரா-1 தொலைக்காட்சிக் கேமராக்களைச் சுமந்து சென்றது. 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளிலோ ஒற்றை வரிசை உணரிகள் இடம்பெற்றன. துடைப்பத்தால் தரையைப் பெருக்குவதுபோல, செயற்கைக்கோள் நகர நகர ஒவ்வொரு வரியாக நிலப்படம் உருவாயிற்று. அங்கே இயக்கமே படத்தை நெய்கிறது. சுற்றுப்பாதையின் வேகம் முன்பே தெரிந்திருப்பதால் எந்த வரி எந்த நேரத்திற்குரியது, எந்த இடத்திற்குரியது என்று சொல்லிவிடலாம். தெரிந்த இயக்கம் படத்தை ஆக்குகிறது. தெரியாத இயக்கம் அதே முறையில் எடுத்த படத்தைக் குலைக்கிறது. மெட்ரோ சன்னலுக்கும் செயற்கைக்கோளுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே.

திரைப்படத்துறையும் இதனை வேறொரு வழியில் கண்டுகொண்டது. ‘ஆளவந்தான்’ (2001) போன்ற படங்களில் கமல்ஹாசனின் இரு வேடங்களை ஒரே காட்சியில், அசையும் கேமராவோடு இணைக்க மோஷன் கண்ட்ரோல் கருவி உதவியது. கேமராவின் நகர்வை இயந்திரமே மீண்டும் மீண்டும் துல்லியமாக நிகழ்த்துமானால் அதைக் காட்சியிலிருந்து கண்டுபிடிக்கத் தேவையில்லை. அக்கருவி இல்லாதபோதுதான் மேட்ச்மூவிங் என்னும் கணிப்பு வேண்டியிருக்கிறது. அம்மென்பொருள்களின் அடிப்படைக் கணிதமோ ஒரு சட்டகத்துக்கு ஒரே கேமரா நிலை என்று எடுத்துக்கொள்கிறது.

இந்த எடுகோளைச் சந்தை உடைத்தது. 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டறிந்த சி.சி.டி. உணரியின் காணொளி வகைகள், மின்னூட்டம் அனைத்தையும் ஒரே கணத்தில் மறைவிடத்துக்கு மாற்றிவிட்டுப் பின்னர் நிதானமாகப் படிக்கக்கூடியவை. 1990களில் எரிக் ஃபோசமும் அவர் குழுவினரும் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த சீமாஸ் உணரி மலிவானது, மின்சாரம் குறைவாக உண்பது. ஆனால் ஒவ்வொரு படப்புள்ளியிலும் தனிச் சேமிப்பிடம் வைத்தால் ஒளிக்கான இடம் குறையும், இரைச்சல் கூடும். ஆகவே அதன் பெரும்பாலான வடிவங்கள் வரிசை வரிசையாகவே படித்தன. 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2 எளிய படக்குழுக்களுக்கும் திரைத்தரத்தைத் தந்தது. கூடவே சாயும் கம்பங்களையும் தந்தது. முழுச் சட்டகத்தையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டருக்கு இன்றும் விலை உண்டு. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஆல்ஃபா 9-3இன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 250 என்பதே அந்த விலையின் ஓர் அடையாளம்.

இந்தத் தேர்வின் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பூமியில் இல்லை. செவ்வாயில் 2021 ஏப்ரல் 19 அன்று முதலில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரின் தலைமைப் பொறியாளர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜெ. பாப் பாலராம். அதில் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று 13 மெகாபிக்சல் வண்ணக் கேமரா, ரோலிங் ஷட்டர் உடையது. மற்றொன்று 640க்கு 480 புள்ளிகள் மட்டுமே கொண்ட கறுப்பு வெள்ளைக் கேமரா, குளோபல் ஷட்டர் உடையது. உலகம் வியந்து பார்த்த வண்ணப் படங்கள் முதலாவதில் எடுக்கப்பட்டவை. கலம் தன் நகர்வை அறிந்துகொள்ளத் தரையைப் பார்த்ததோ, ஏறத்தாழ நாற்பது மடங்கு குறைந்த புள்ளிகளைக் கொண்ட இரண்டாவதால். பார்ப்பதற்கும் அளப்பதற்கும் ஒரே கேமரா போதும் என்று அதன் வடிவமைப்பாளர்கள் எண்ணவில்லை.

அவ்வளவு கவனமும் ஒரு முறை தடுமாறியது. 2021 மே 22 அன்று ஆறாவது பறப்பின் 54ஆம் நொடியில் வழிகாட்டும் கேமராவின் ஒரே ஒரு படம் வழியில் தொலைந்தது. அதற்குப் பின்வந்த படங்கள் அனைத்தும் தவறான நேர முத்திரையோடு கணினியை அடைந்தன. படங்கள் தெளிவானவை, அவற்றின் நேரம் மட்டும் பிழை. கலம் இல்லாத பிழையைத் திருத்த முயன்று, 20 பாகைக்கும் மேலாக முன்னும் பின்னும் ஆடியது. இறங்கும் இறுதிக் கட்டத்தில் கேமராவை நம்பாதிருக்குமாறு முன்பே வடிவமைத்திருந்ததால், குறித்த இடத்திலிருந்து 5 மீட்டருக்குள் தரையிறங்கிப் பிழைத்தது.

பெங்களூரிலும் இத்தகைய கேமரா ஒன்று உருவாயிற்று. சந்திரயான்-3இன் தரையிறங்கிக் கலம் தன் கிடைமட்ட வேகத்தை அறிய உதவிய எல்.எச்.வி.சி. கேமராவை உருவாக்கியது இந்நகரின் மின்-ஒளியியல் ஆய்வகமான லியோஸ். அத்தகைய கருவிகளின் தேவையை 2019 செப்டம்பர் 7 நன்கு உணர்த்தியிருந்தது. அன்று சந்திரயான்-2இன் ஐந்து இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன என்றும், படம் எடுப்பதற்காகக் கலம் நிலையாக இருக்கவேண்டிய கட்டத்தில் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின என்றும் இஸ்ரோ தலைவர் சோமநாத் பின்னர் விளக்கினார். ஆக, கேமராவுக்கு ஓய்ந்த கணம் ஒன்றை ஒதுக்கித் தருவதும் கேமராத் தேர்வின் ஒரு பகுதியே. சந்திரயான்-3இல் வேகத்தை நேரடியாக அளக்க லேசர் டாப்ளர் கருவியும் சேர்க்கப்பட்டது; 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்குக் கலம் இறங்கியது.

கெயோனிக்ஸ் நிறுவனத்தின் ஆர்.கே. பாலிகா 1970களின் பிற்பகுதியில் கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கரில் திட்டமிட்ட எலெக்ட்ரானிக் சிட்டியின் சாலைகளை இன்று எத்தனையோ ஆய்வு மாணவர்கள் கைபேசியோடு அளக்க முனையலாம். அவர்கள் மெகாபிக்சலைப் பார்த்துக் கேமரா வாங்குவது வீண். கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. ஷட்டர் ஒரே கணத்தில் திறந்து மூடுகிறதா? சட்டக இடைவெளி சீரானதா, அல்லது ஒளி குறையும்போது கைபேசி தானே அதை மாற்றிக்கொள்கிறதா? நடுக்கத்தைக் குறைக்கும் வசதியை அணைக்க முடியுமா? அவ்வசதி வில்லையையோ படத்தையோ ரகசியமாக நகர்த்தி வடிவியலைக் கெடுத்துவிடும். குவியத்தை நிலைநிறுத்த முடியுமா? நொடியில் 50இல் ஒரு பங்கு திறந்திருக்கும் ஷட்டர் திரைப்படத்துக்கு இதமான மங்கலைத் தரும். 60 கிலோமீட்டர் வேக வண்டியை அது 33 சென்டிமீட்டருக்கு இழுகிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு எனில் இழுகல் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதற்கு நல்ல வெயில் வேண்டும்.

குளோபல் ஷட்டர் கேமராவுக்கு நிதி இல்லாத துறைகளில், கையிலுள்ள கருவியின் குறையையாவது அளந்து வைக்கலாம். நொடிக்கு ஆயிரம் முறை அணைந்து எரியும் எல்.இ.டி. விளக்கொளியில் ஒரு வெள்ளைத் தாளைக் குறுகிய ஷட்டர் நேரத்தில் படம் எடுத்தால், ரோலிங் ஷட்டர் அதனைப் பட்டைகளாகக் காட்டும். வெண்பட்டைகள் இருபது இருந்தால் அந்தக் கேமரா ஒரு சட்டகத்தைப் படிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 20 மில்லிநொடி.