மசோதா சட்டமாகும் முன்: புனேயின் மகஜர் மரபு

நிலுவையில் உள்ள மசோதாவைப் பற்றிய கருத்தை அரசுக்கும் அவை உறுப்பினர்களுக்கும் எழுதித் தெரிவிக்கும்படி பொதுமக்களைத் திரட்டும் வழக்கம், புனேயில் வாக்குரிமைக்கு முந்தியது. 1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் தலைமை ஆளுநரின் கவுன்சிலிலும் பம்பாய், சென்னை மாகாணக் கவுன்சில்களிலும் அதிகாரிகள் அல்லாதோர் சிலருக்கு இடம் தந்தது. அவர்கள் நியமன உறுப்பினர்கள். மக்களுக்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. பம்பாய் கவுன்சில் மழைக்காலத்தில் புனேயில் கூடுவது வழக்கம். சட்டம் இயற்றும் அவை கண்ணெதிரே இருந்தும் அதை எட்டும் வழி மகஜர் ஒன்றுதான்.

இதற்கான முன்மாதிரி 1852இலேயே உருவாகியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயம் 1853இல் புதுப்பிக்கப்பட இருந்த நேரத்தில், பம்பாய் அசோசியேஷனும் லட்சுமிநரசு செட்டி தோற்றுவித்த சென்னை நேட்டிவ் அசோசியேஷனும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பங்கள் அனுப்பின. நில வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்பது சென்னையிலிருந்து போன முக்கியமான புகார். அதை விசாரிக்க அமைந்த ஆணையம் 1855இல் தந்த அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மை என்று உறுதிசெய்தது. தக்க நேரத்தில் தக்க சான்றோடு போகும் மகஜர் வீணாவதில்லை என்பதை அந்த அறிக்கை காட்டியது.

புனே சார்வஜனிக் சபை 1870 ஏப்ரல் 2ஆம் தேதி தொடங்கியது. பார்வதி மலைக் கோயிலின் நிர்வாகத்தைப் பற்றிய மனக்குறையே அதற்கு உடனடித் தூண்டுதல். சபையை நடத்தியவர் வழக்கறிஞர் கணேஷ் வாசுதேவ் ஜோஷி. ஊரார் அவரைச் ‘சார்வஜனிக் காகா’ என்றே அழைத்தார்கள். நீதித்துறைப் பணிக்காக 1871இல் புனே வந்த மகாதேவ் கோவிந்த் ரானடே சபையின் மூளையாக விளங்கினார்.

சபையில் உறுப்பினராக விரும்பியவர், வயதுவந்தோர் குறைந்தது 50 பேர் கையொப்பமிட்டுக் கொடுத்த முக்தியார்நாமாவைக் காட்ட வேண்டும். வழக்கு நடத்தவும் சொத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம் அது. அதையே அரசிடம் பேசும் உரிமைக்கான ஆவணமாகச் சபை மாற்றியது. தொடக்கத்தில் சேர்ந்த 95 பேர், ஏறத்தாழ 6,000 பேரின் ஒப்பத்தோடு வந்தவர்கள். ‘நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்’ என்று அரசு கேட்டால் நீட்டிக்காட்ட, தேர்தல் என்பதே இல்லாத அக்காலத்தில் சபையிடம் காகிதம் இருந்தது.

விவசாயிகளின் நிலையைச் சபை ஊர் ஊராக விசாரித்துத் தகவல் திரட்டியது. இந்தியாவுக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நேரடிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் ஒப்பமிட்ட மகஜரை லண்டனுக்கு அனுப்பியது. 1876–78 பஞ்சத்தின்போது சபையின் முகவர்கள் மாவட்டங்களிலிருந்து அறிக்கைகள் எழுதினார்கள். 1878 முதல் வெளிவந்த அதன் காலாண்டிதழ் கிராமக் கடன் சிக்கலைத் தொடர்ந்து அலசியது. 1875 மே மாதம் சூப்பே சந்தையில் வெடித்த கலகத்தில் விவசாயிகள் சாவுகார்களின் கடன் பத்திரங்களைப் பறித்து எரித்திருந்தார்கள். அதன் விளைவாக 1879இல் வந்த தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் புனே, சாத்தாரா, சோலாப்பூர், அகமத்நகர் மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. கடன் பத்திரத்தில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்காமல், கொடுக்கல் வாங்கல் முழுவதையும் ஆராயும் அதிகாரம் நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. ஹவேலி வட்டத்தில் முளா-முட்டா ஆற்றையொட்டிப் பயிர்செய்த கராடி போன்ற சிற்றூர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தியது.

மசோதா வருவதை மக்கள் அறிந்தால்தான் மகஜர் எழுத முடியும். 1878 மார்ச் 14இல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் ஒரே அமர்வில் நிறைவேறியது. கருத்துச் சொல்ல ஒருநாள் அவகாசமும் இல்லை. எதிர்ப்பெல்லாம் சட்டம் வந்த பிறகே எழுந்தது. அதை ரத்துசெய்ய அடுத்த வைஸ்ராய் ரிப்பனின் காலம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவகாசம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை இசைவு வயது மசோதா காட்டியது. உடலுறவுக்குப் பெண் இசைவு தரும் வயதைப் 10இலிருந்து 12ஆக உயர்த்தும் இந்த மசோதாவை 1891 ஜனவரி 9இல் ஆண்ட்ரூ ஸ்கோபிள் அறிமுகம் செய்தார். மார்ச் 19இல் அது சட்டமானது. இடைப்பட்ட பத்து வாரங்களில் புனே இரண்டாகப் பிரிந்தது. ரானடேயும் சமஸ்கிருத அறிஞர் ஆர். ஜி. பண்டார்கரும் ஆதரித்தார்கள், அந்நிய அரசு சமூக வழக்கத்தில் சட்டத்தால் தலையிடக் கூடாது என்று திலகர் ‘கேசரி’ இதழில் எதிர்த்து எழுதினார். இரு தரப்பும் கூட்டம் கூட்டி, ஒப்பம் திரட்டி, மகஜர் அனுப்பின. மகஜர் சீர்திருத்தக்காரர்களுக்கு மட்டும் உரிய கருவி அல்ல என்பது அப்போது தெளிவானது.

1895இல் சார்வஜனிக் சபை திலகர் தரப்பின் கைக்குப் போனது. ரானடேயும் கோகலேயும் அடுத்த ஆண்டு தக்காண சபையைத் தொடங்கினார்கள். 1896–97 பஞ்சத்தில், பஞ்ச விதிகளின்படி வரிச்சலுகை கேட்கும் உரிமையைச் சார்வஜனிக் சபை கிராமங்களுக்கு எடுத்துச் சொன்னது. அரசுக்கு அது பொறுக்கவில்லை. கொள்கை விஷயங்களில் அரசுக்கு எழுதும் தகுதி சபைக்கு இனி இல்லை என்று 1897இல் அறிவித்தது. முறையிடுவது குடிமக்களின் உரிமையாக இருக்கவில்லை. அரசு நினைத்தால் பறித்துக்கொள்ளும் சலுகையாகவே இருந்தது.

1901 ஆகஸ்டில் புனேயில் கூடிய பம்பாய் கவுன்சிலின் முன் நில வருவாய்ச் சட்டத் திருத்த மசோதா வந்தது. வரி பாக்கிக்காகப் பறிமுதலான நிலத்தைத் திரும்பக் கொடுக்கும்போது, அனுமதியின்றி அதை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று நிபந்தனை விதிக்க அது வழிசெய்தது. சாவுகாரிடமிருந்து விவசாயியைக் காக்கவே இது என்றது அரசு. கடனே கிடைக்காமல் விவசாயி அரசின் குத்தகைதாரராகிவிடுவார் என்றார்கள் எதிர்த்தவர்கள். முடிவை ஒத்திவைத்து மேலும் கருத்துக் கேட்க வேண்டும் என்ற கோரிக்கை அரசுத் தரப்பின் பெரும்பான்மையால் தோற்றது. கவுன்சில் உறுப்பினர் பெரோஸ்ஷா மேத்தா வெளியேற, கோகலே உள்ளிட்டோர் பின்தொடர்ந்தார்கள். மசோதா நிறைவேறியது.

விடுதலைக்குப் பின் நிலை தலைகீழானது. உறுப்பினரை அனுப்புபவரே வாக்காளர் என்பதால் முக்தியார்நாமா தேவையில்லை. அரசிதழில் வெளியான அல்லது அவையில் அறிமுகமான மசோதாவைப் பற்றி மனுச் செய்ய மக்களவை விதிகள் இடமளிக்கின்றன. தேர்வுக் குழுக்களும் கூட்டுக் குழுக்களும் கருத்துரைகளைக் கேட்டுப் பெறுகின்றன. சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014இல் கொள்கை வகுத்தது. அது சட்டம் அல்ல என்பதால் கண்டிப்பாகப் பின்பற்றப்படுவதில்லை. வரைவு எந்த மொழியில் கிடைக்கிறது என்பதும் முக்கியம். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மகாராஷ்டிரத்தின் அண்மை எடுத்துக்காட்டு, 2024இல் அறிமுகமான சிறப்புப் பொதுப் பாதுகாப்பு மசோதா. அதை ஆராய்ந்த கூட்டுக் குழுவுக்கு 12,000க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்தன. மசோதா யாரைக் குறிவைக்கிறது என்பதைச் சுட்டும் சொற்களும், விசாரிக்கும் காவல் அதிகாரியின் தகுதிநிலையும் மாற்றப்பட்டன. 2025 ஜூலையில் இரு அவைகளும் அதை நிறைவேற்றின. எதிர்த்தவர்களுக்கு அந்த மாற்றங்கள் போதவில்லை. ஆனாலும் மசோதா வந்த வடிவிலேயே சட்டமாகிவிடவில்லை.

புனே மாநகராட்சியோடு இணைந்துவிட்ட கராடி இன்று தகவல் தொழில்நுட்ப வளாகங்களின் ஊர். அதன் வாக்காளர்கள் வட்காவ் ஷேரி சட்டமன்றத் தொகுதியிலும் புனே மக்களவைத் தொகுதியிலும் அடங்குகிறார்கள். 1870இல் 50 பேரிடம் ஒப்பம் வாங்கிப் பெற வேண்டியிருந்த தகுதி அவர்கள் ஒவ்வொருவருக்கும் பிறப்புரிமையாக வாய்த்திருக்கிறது. மசோதாவின் எந்தப் பிரிவு, அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, எந்த மாற்றம் தேவை என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் குழுவின் கெடு தேதிக்குள் அனுப்புவதே அந்தத் தகுதியைப் பயன்படுத்தும் வழி. சட்டமான பின் எழுதும் கடிதம் வெறும் புகார். அதற்கு முன் எழுதுவதே சட்டம் இயற்றுவதில் குடிமக்களின் பங்கு.