மல்லாட்டையும் மார்செய் சோப்பும்

செஞ்சிக்காரன் சரித்திரம் எழுத உட்கார்ந்தால் தேசிங்கு ராஜன் கதைதான் வரும் என்று நினைப்பீர்கள். கோட்டையைச் சுற்றியுள்ள கொல்லைகளில் விளையும் மல்லாட்டைக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அவர் வீட்டுக் கிணற்றடியில் செங்கல் மாதிரி ஒரு மார்செய் சோப்புக் கட்டி இருக்கும். அதன்மேல் 72 விழுக்காடு எண்ணெய் என்று பிரெஞ்சில் முத்திரை. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவதே எண்ணெயால் செய்ததா என்று அப்போதே எனக்குக் குழப்பம்.

பிறகு வகுப்பில் 'பொலேர்', 'அபொலேர்' என்று பாடம் வந்தது. தமிழில் முனைவுள்ள மூலக்கூறு, முனைவற்ற மூலக்கூறு. தண்ணீரில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் சற்றே எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின். அதனால் தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. எண்ணெயின் நீண்ட கரிச் சங்கிலிகளில் இந்த வேறுபாடு கிடையாது. அந்தக் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் எண்ணெய் தனியே மிதக்கிறது.

சோப்பு இரண்டுக்கும் உறவு. எண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு காய்ச்சினால் கிளிசரின் பிரிந்து, ஒரு முனை தண்ணீரையும் மறு முனை பிசுக்கையும் பற்றும் மூலக்கூறு கிடைக்கிறது. கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது என்று 1823-இல் நூலெழுதி விளக்கியவர் செவ்ரல் என்ற பிரெஞ்சுக்காரர். 102 வயது வாழ்ந்தார்! (நம் சீயக்காயிலும் இப்படி இருமுனை உள்ள சபோனின் இருக்கிறது. பாட்டிகளுக்குச் செவ்ரல் தேவைப்படவில்லை.)

மார்செய் சோப்புக்கு ஆலிவ் எண்ணெய் மட்டுமே என்று 1688-இல் அரச ஆணை. 19-ஆம் நூற்றாண்டில் சோப்பின் தேவை பெருகியது, ஆலிவ் போதவில்லை. கொழுப்பு எந்த விதையில் இருந்தாலென்ன? தென் அமெரிக்காவிலிருந்து வந்து, மணிலாக்கொட்டை என்று பெயர் வாங்கி, நம் வாயில் மல்லாட்டையான பயிர் தென்னார்க்காட்டிலிருந்து புதுச்சேரி வழியாக மார்செய்க்குக் கப்பலேறியது. 1879-இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் வந்ததும் மூட்டை போவது இன்னும் சுலபமாயிற்று.

எங்கள் பாடப் புத்தகத்தில் மார்செய் துறைமுகம் இருந்தது. அங்கே போய் இறங்கிய நம் மூட்டைகள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். என் காலத்துச் சோப்பில் நம் கொட்டை இருந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. அதற்குள் செனெகல் கொட்டை அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

ஒரு விடுமுறைக்கு அந்தச் சோப்பில் ஒரு துண்டை ஊருக்குக் கொண்டுவந்தேன். அப்பா கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்து கை கழுவினார். முகர்ந்து பார்த்து, "நம்ம மல்லாட்டை எண்ணெய் மாதிரி இருக்கேடா" என்றார்.

"இது பிரான்சுலேர்ந்து வந்ததுப்பா" என்று சிரித்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.